மறு: ஓவர்ரைடுக்கு ‘மேலெழுதல்’ பொருந்துமா?

கலைச்சொற்குழுவினருக்கு வணக்கம். நிரலாக்கத்தில் ஓவர்ரைடு (override) என்பது, தாய் இனக்குழுவிலிருந்து (class) வந்த ஒரு செயற்கூறுக்கு (function) சேய் இனக்குழு தன் சொந்த வடிவத்தைத் தருவது. அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ஓவர்ரைடு என்றால் மேலெழுதல். இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. கோப்பின் மேல் எழுதினால் பழையது போய்விடும். மரபுரிமத்தில், அதாவது ஓர் இனக்குழுவிலிருந்து இன்னொன்று வழிவருகையில், தாய் இனக்குழுவின் செயற்கூறு எங்கும் போவதில்லை. ஜாவா மொழியில் சூப்பர் (super) என்ற சொல்லைப் போட்டும், சி++இல் தாயின் பெயரை முன்னால் சேர்த்தும் அதைக் கூப்பிடலாம்.

கணக்கு என்று ஒரு தாய் இனக்குழு, சேமிப்பு என்று அதன் சேய். இரண்டிலும் வட்டி() உண்டு. கணக்கு வகைச் சுட்டியில் (pointer, முகவரியை வைத்திருக்கும் மாறி) சேமிப்புப் பொருளின் (object) முகவரியை வைத்து வட்டி()யை அழைக்கிறோம். சி++இல் தாயின் வட்டி()க்கு முன்னால் வர்ச்சுவல் (virtual) என்ற சொல்லைப் போடாவிட்டால் நிரல்பெயர்ப்பி (compiler) சுட்டியின் வகையை மட்டும் பார்க்கும். தாயின் வட்டிதான் என்று தொகுக்கும்போதே முடிவாகிவிடும். போட்டிருந்தால் கதை வேறு. பொதுவாக நிரல்பெயர்ப்பிகள் அத்தகைய இனக்குழு ஒவ்வொன்றுக்கும் செயற்கூறு முகவரிகளின் அட்டவணை ஒன்றை ஆக்கிவைக்கும். வட்டி() அதில் எத்தனையாவது இடம் என்பதும் அப்போதே தெரியும். ஓடும்போது மிச்சமிருப்பது கொஞ்சம்தான்: பொருளுக்குள் ஒளிந்திருக்கும் சுட்டி எந்த அட்டவணையைக் காட்டுகிறதோ அதைத் திறந்து அந்த இடத்துக்குத் தாவுவது. ‘எல்லாம் இயக்க நேரத்தில்’ என்று நம் கலைச்சொல் வரைவில் இருப்பதையும் திருத்திவிடுங்கள்.

ஆக, இரண்டு சொல் வேண்டும். வர்ச்சுவல் இல்லாமல் சேய் அதே பெயரை வைத்துக்கொண்டால் அது ‘மறைப்பு’. மற்றதற்கு நான் சொல்வது ‘வேறுவைப்பு’.

எங்கள் காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்கள். வீடு அதேதான், முகப்பும், பட்டாலை என்கிற கூடமும், வளவு என்கிற உள்முற்றமும் பொது. புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு. ஆத்தாவின் அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓவர்ரைடு செய்வதும் இதைத்தானே?

வட்டார வழக்கு என்று ஒதுக்கப் பார்ப்பீர்கள். ஆனால் வினையாக்கிப் பாருங்கள்: ‘சேமிப்பு, வட்டி()யை வேறுவைக்கிறது’. ஜாவாவின் ஃபைனல் செயற்கூறு ‘வேறுவைக்க முடியாதது’. சி++இல் 2011 தர வரையறையோடு வந்த ஓவர்ரைடு குறிச்சொல்லும் இதற்குள் அடங்கும்: சேயில் வட்டி() என்பதை வட்டீ() என்று தப்பாக அடித்திருந்தால், வேறுவைக்க மேலே அப்படி ஒன்று இல்லையே என்று தொகுக்கும்போதே பிழை காட்டும்.

அப்புறம், வர்ச்சுவலுக்கு ‘மெய்நிகர்’ எனக்கு ஒட்டவில்லை. அந்தச் செயற்கூறு மெய்யானதுதான், எதற்கும் நிகரில்லை. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோமா?