புதுப்பிப்பு: மாங்காய் எழும்பிவிட்டது

தையல் மெஷினில் ட்ராபுன்டோ (துணிக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்து, உருவை மட்டும் புடைக்க வைக்கும் வேலை) போட்டால் மாங்காய் உரு சப்பையாகவே கிடக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது வந்துவிட்டது!

இலவம்பஞ்சை விட்டுவிட்டு பாலியஸ்டர் பஞ்சு விரிப்புக்கு மாறினேன். மேல்துணிக்கு அடியில் அந்த விரிப்பில் ஒரு துண்டை வைத்து, மாங்காய்க் கோட்டின்மேல் தைத்து, பின்பக்கம் தையலை ஒட்டி மிச்சப் பஞ்சைக் கத்தரித்தேன். முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் நல்லது, துணியைக் குத்தாது. அப்புறம் துணி முழுவதற்கும் இன்னொரு பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து, மெஷின் பல்லை (துணியை நகர்த்தும் பல்) இறக்கிவிட்டு, அதே கோட்டில் மறுபடி தையல்.

ஆனால் விஷயமே சுற்றியுள்ள இடத்தில்தான் இருக்கிறது. அங்கே நெளிநெளியாக, நெருக்கமாகத் தைக்கத் தைக்க அது அமுங்கி, மாங்காய் பூரி மாதிரி உப்பி வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஆச்சி விரலால் தடவிப் பார்த்து, "உள்ள என்னத்தட்டி வச்சிருக்க?" என்றாள். அடுத்தது அவளுக்கொரு தலையணை உறை.