மறு: ‘ஊக்கமருந்து – பசியடக்கி எதிர்வினை’ சரியான தலைப்பா?

> கட்டுரைக்கு “ஊக்கமருந்து – பசியடக்கி எதிர்வினை ஆய்வுகள்” என்று தலைப்பு வைத்திருக்கிறேன். குழு என்ன நினைக்கிறது?

ஐயா,

தலைப்பைப் பார்த்ததும் யாரோ ஓட்டப்பந்தய வீரர் சோதனையில் மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ‘ஊக்கமருந்து’ என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. தசை வளர்க்கும் ஸ்டீராய்டும் அங்கே ஊக்கமருந்துதான். நமக்கு வேண்டியது காஃபீன், ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் வகைக்கு ஒரு பெயர். ‘கிளர்த்தி’ என்றால் வாசகருக்கு வேறு நினைப்பு வரும். ‘நரம்புமுடுக்கி’ என்று வைக்கலாமா?

‘பசியடக்கி’ இருக்கட்டும். சென்ற மடலில் ஒருவர் சொன்ன ‘பசியாற்றி’ மட்டும் வேண்டாம். பசியாற்றுவது சாப்பாடு!

‘எதிர்வினை’தான் பெரிய சிக்கல். ஒரு மாத்திரை போட்டுத் தோல் தடித்து அரித்தால் அது எதிர்வினை. இங்கே பேச்சு, ஒரு மருந்தின் வேலையில் இன்னொரு மருந்து தலையிடுவதைப் பற்றி. அதற்கு ‘இடைவினை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எபெட்ரினையும் காஃபீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். எபெட்ரின் நரம்பு முனையிலிருந்து நார்அட்ரீனலின் என்ற முடுக்கும் வேதிப்பொருளை வெளியே தள்ளும். உடம்பிலேயே உள்ள அடினோசின் அதற்குக் கடிவாளம் போடும். காஃபீன் வந்து அந்தக் கடிவாளத்தை அவிழ்த்துவிடும். அசல் இடைவினை இதுதான்.

ஃபென்-ஃபென்னை உங்கள் கட்டுரை இதே கணக்கில் சேர்த்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. எடைக்குறைப்புக்கு ஃபென்ஃப்ளூரமினும் ஃபென்டெர்மினும் அந்தப் பெயரில் சேர்த்துக் கொடுக்கப்பட்டது உண்மை. இதய வால்வு பாதிப்பு தெரியவந்து 1997இல் ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டுப் போனதும் உண்மை. ஆனால் அதன் உறவான டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினும் கூடவே போனது, ஃபென்டெர்மின் தங்கிவிட்டது. ஃபென்ஃப்ளூரமின் உடைந்து உண்டாகும் நார்ஃபென்ஃப்ளூரமின், வால்வில் செரட்டோனின் வந்து ஒட்டும் இடமான 2பி ஏற்பியைத் தூண்டி அந்தப் பாதிப்பை உண்டாக்குகிறது. அதற்குத் துணைக்கு ஆள் தேவையில்லை. சேர்த்துக் கொடுத்ததாலேயே இடைவினை ஆகிவிடாது. அதைக் ‘கூட்டுமருந்து’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அப்புறம், இடைவினையிலும் இரண்டு வகை உண்டு. எடைக்குறைப்புக்கு நால்ட்ரெக்சோனுடன் சேர்த்துத் தரப்படும் புப்ரோப்பியான், கல்லீரலின் சிஒய்பி 2டி6 நொதியை முடக்கும். அந்த நொதியால் ஓரளவு கழிபடும் ஆம்ஃபெட்டமின் ரத்தத்தில் கூடக்கூடும். இதை ‘அளவுவழி இடைவினை’ என்கலாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பியை நிறுத்தி 14 நாள் ஆகாமல் ஃபென்டெர்மின் தரக்கூடாது என்பது வேறு கதை: ஃபென்டெர்மின் நார்அட்ரீனலினை வெளியேற்றும், தடுப்பி அது சிதையாமல் காக்கும், ரத்த அழுத்தம் எகிறும். இது ‘விளைவுவழி இடைவினை’.

---

நரம்புமுடுக்கி நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் முடுக்கி, அந்தப் பக்கம் பசியடக்கி என்று பிரித்தால் ஃபென்டெர்மினை எங்கே வைப்பீர்கள்? அது ஆம்ஃபெட்டமினுக்குப் பங்காளி, பசியையும் அடக்கும். லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமினும் அப்படித்தான். கவனக்குறைபாட்டுக்குத் தரப்பட்ட அந்த மருந்துக்கு, கட்டுமீறி உண்ணும் கோளாறுக்கும் 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எடை குறைக்க மட்டும் அதைத் தரக்கூடாது என்கிறார்கள். ஒரே மூலக்கூறுக்கு இரண்டு வேலை. சொல் வேலையைக் குறிக்கட்டும், சாதியைக் குறிக்க வேண்டாம்.

---

இருவருக்கும் நன்றி. ஃபென்-ஃபென் பத்தியை எடுத்துவிட்டேன். தலைப்பு இப்போது “பசியடக்கும் நரம்புமுடுக்கிகளும் மருந்து இடைவினையும்”. ‘அளவுவழி’ மட்டும் இடிக்கிறது ஐயா, எத்தனை மாத்திரை என்று படித்துவிடுவார்கள். ‘செறிவுவழி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?