டிராஃப்ட் பீர் நுரைத் தொல்லை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடையோடு சின்ன பாரும் நடத்துகிறோம். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு நல்ல பீர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

டிராஃப்ட் பீர் என்றால் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக டேப்பில் பிடித்துக் கொடுப்பது. சாயங்காலம் டேப்பைத் திறந்தால் முதல் சில கிளாஸ் பாதிக்கு மேல் நுரைதான். அப்புறம் சரியாகிவிடுகிறது. பீப்பாய் 3 டிகிரியில்தான் இருக்கிறது. குழாயை 2 வாரத்துக்கு ஒருமுறை மருந்து விட்டுக் கழுவுகிறோம். கறி எண்ணெய் பட்டால் பீர் மேல் நுரை தங்காமல் போய்விடும், கிளாஸ் சுவரில் குமிழி ஒட்டும் என்பதால் கிளாஸ் கழுவத் தனித் தொட்டி.

என் சந்தேகம் குழாய் மேல்தான். அது அடுப்படிச் சுவரை ஒட்டி வருகிறது, தொட்டாலே சூடு. உள்ளே நிற்கும் பீர் சூடாகி அதில் கலந்திருக்கும் கேஸ் பிரிகிறது போல. பீப்பாய்க்குக் கொடுக்கும் கேஸ் அழுத்தத்தைக் குறைக்கச் சிலர் சொல்கிறார்கள். குறைத்தால் குழாயிலேயே கேஸ் பிரிந்து நுரை கூடும், பீரும் சப்பென்று போகும்.

கவுண்டருக்கு அடியில் சில்லர் (பீரைக் குளிர வைக்கும் மெஷின்) வைத்தவர்கள் இருக்கிறீர்களா? குழாய்க்குச் சூடு தாக்காத உறை போட்டாலே போதுமா? ஈப்போ பக்கம் இந்த வேலை தெரிந்த ஆள் இருந்தால் சொல்லுங்கள். தீபாவளிக் கூட்டத்துக்கு முன் சரிசெய்ய வேண்டும்.