புற்றுநோய்க் கட்டியைத் தாக்க வேண்டிய டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) எங்கே நின்றன? பார்த்தவர்கள் எழுதுங்கள்

நுண்ணோக்கி:
நோயியல் ஆய்வகத்தில் வேலை எனக்கு. ‘கட்டிக்குள் டி செல்கள் இல்லை’ என்று ஒரே வரியில் அறிக்கையை முடிப்பது எனக்குப் பிடிக்காது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்த் திசு ஒன்றில் சிடி8 எனும் கொல்லும் வகை டி செல்களுக்குச் சாயமேற்றியபோது, கட்டியைச் சுற்றிய நார்த்திசுவில் பழுப்புப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. தகட்டை நடுவே நகர்த்தினால் வெறும் நீல உட்கருக்கள். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்ட வீடு மாதிரி! இந்தத் தடுப்பில் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் சமிக்ஞைக்குப் பெரும்பங்கு உண்டு. மெலனோமா எனும் நிறமிச் செல் புற்றுநோய்கள் சிலவற்றிலோ ஓரத்தில்கூட ஒன்றும் தென்படாது. பீட்டா-கேட்டெனின் என்ற புரதத்தின் சமிக்ஞைப் பாதை ஓயாமல் இயங்கும் கட்டிகளில், டி செல்களை அழைத்துவர வேண்டிய டென்ட்ரிட்டிக் செல்களே வந்து சேர்வதில்லை.

மூத்த மகள்:
அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். சிகரெட்டைத் தொட்டதே இல்லை. டி செல்களை அடக்கும் பிடி-எல்1 புரதம் கட்டிச் செல்களில் 70% என்று அறிக்கை வந்ததும், நோயெதிர்ப்புச் சிகிச்சையை உடனே தொடங்கச் சொல்லி உறவினர்கள் நச்சரித்தார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார் மருத்துவர். வந்தது; செல் வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப்ஆர் மரபணுவில் திரிபு. “டி செல்களின் தாக்குதலுக்கு அஞ்சிக் கட்டி பிடி-எல்1-ஐ உயர்த்தினால், அதைத் தடுக்கும் மருந்துக்கு வேலை உண்டு. இங்கே இஜிஎஃப்ஆர் சமிக்ஞையே அதை உயர்த்தியிருக்கலாம்; எதிரே தாக்க ஆளில்லை” என்றார். இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் ஆசிமெர்டினிப் மாத்திரையில் தொடங்கினோம். நோயெதிர்ப்பு மருந்தை முதலில் ஏற்றிவிட்டு உடனே இந்த மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுமாம். அவசரப்படுத்திய சித்தப்பா அதன்பின் வாயே திறக்கவில்லை.

வளர்ப்புத்தட்டு:
அந்த மருத்துவர் சொன்னதன் முதல் பாதியை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மெலனோமா செல்களுக்கு டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்தைக் கொடுத்தால் மறுநாள் பிடி-எல்1 ஏறியிருக்கும். அந்தச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜாக்1 மரபணுவை நீக்கிய செல்களிலோ அசைவே இருக்காது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தால் முதலில் சுருங்கிப் பின்னர் மீண்டும் வளர்ந்த சில மெலனோமாக்களில் ஜாக்1 அல்லது ஜாக்2 பழுதாகியிருந்தது. டி செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரந்தாலும் செய்தி கட்டிக்குள் போய்ச் சேரவில்லை. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று விற்பவர்களிடம் எந்தப் பாதையைக் கூட்டுகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பதில் வந்ததில்லை.

நுண்ணோக்கி:
மூத்த மகள் கவனத்துக்கு: அம்மாவின் பழைய திசுக்கட்டை (மெழுகில் பதித்த திசு) எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். மாத்திரைக்குக் கட்டி பழகிவிட்டால் புதிதாகத் திசு எடுக்கச் சொல்வார்கள். அப்போது பழையதையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் எந்தப் பாதை மாறியது என்று சொல்ல முடியும்.