ஹெகெசோவின் விரலிடுக்கில் இருந்த நகை

அக்காவின் நகைப்பெட்டியைத் திறந்து பங்கு பிரித்த வாரத்தில்தான், ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள, பழங்கிரேக்கப் பெண் ஹெகெசோவின் கல்லறைப் பலகையை இணையத்தில் பார்த்தேன். நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண், எதிரே நிற்கும் பணிப்பெண், நடுவே திறந்த பெட்டி என்று உங்களில் பலரும் பார்த்த சிற்பம்தான். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனவள், அவளுடைய வலக்கையைக் கண்டதும் நின்றுவிட்டேன். விரல்கள் எதையோ மென்மையாகப் பிடித்திருக்கின்றன. பிடித்த பொருளைக் காணவில்லை. உடைந்திருக்கும் என்று எண்ணித் தேடினேன், உடைந்த தடமே இல்லை. அந்த நகையைச் சிற்பி செதுக்காமல் வண்ணத்தில் தீட்டியிருந்தான் என்பதும், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளில் வண்ணம் அழிந்துவிட்டது என்பதும் பிறகு படித்துத்தான் தெரிந்தது. ஹெகெசோ இன்னமும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்காவின் தோட்டை எடுத்தபோது என் விரல்களும் அப்படித்தான் குவிந்திருந்தன.

*

ஹெகெசோவைப் பற்றி எழுதிய சகோதரியின் துயரம் புரிகிறது. ஆனால் வண்ணம் போனதற்குக் காலத்தின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்கள் உள்ள கூடத்தை ஒருநாள் இரவு திரையில் சுற்றி வந்தபோது, நிலவுத் தேவதை செலேனேயின் தேர்க்குதிரைத் தலை முன் வெகுநேரம் இருந்தேன். இரவெல்லாம் தேரிழுத்துக் களைத்த குதிரை அது; கண் பிதுங்கி, வாய் பிளந்து, மூச்சு வாங்குவது கேட்கும்போல இருந்தது. அந்தத் தலையும் வேறு சில சிற்பங்களும் 1937-38இல் அதே அருங்காட்சியகத்தில் செம்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொருளாலும் சுரண்டப்பட்டவை என்று பின்னர் அறிந்தேன். கிரேக்கச் சிற்பம் வெண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற தவறான எண்ணம், மிச்சமிருந்த மேற்பரப்பையும் கெடுத்துவிட்டது. அந்தக் கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

*

வண்ணம் போய்விட்டது என்று இருவருமே எழுதியிருக்கிறீர்கள். அது பளிங்கைப் பற்றிய பேச்சு, வெண்கலத்துக்குப் பொருந்தாது. 1896இல் கிரேக்கத்தின் தெல்ஃபியில் கண்டெடுக்கப்பட்ட தேரோட்டி வெண்கலச் சிலையின் முகத்தை அருகில் பாருங்கள். கண்ணாடிக் கண்கள், செம்பு உதடுகள், வெள்ளி பதித்த தலைப்பட்டை ஆகியவை இன்றும் இருக்கின்றன. செம்பினாலான இமைமயிர்களை ஒவ்வொன்றாகத் திரையில் கண்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் பெப்லோஸ் கோரே என்ற பெண் சிலை இருக்கிறது. அதன் கண்ணிலும் கூந்தலிலும் ஆடையிலும் வண்ணத்தின் எச்சம் உண்டு. அதை முதலில் பார்த்துவிட்டு ஹெகெசோவிடம் திரும்பினால், இல்லாத நகையை மனத்தில் தீட்டிக்கொள்ள முடியும். கைபேசியில் பார்க்காதீர்கள், கணினித் திரையில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கூடவே உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திரையில் எல்லாச் சிலையும் ஒரே அளவாகிவிடுகிறது. பெப்லோஸ் கோரேயின் உயரம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர்தான், பள்ளிச் சிறுமியின் உயரம். தேரோட்டியோ 180 சென்டிமீட்டர். நான் எங்கள் வீட்டுக் கதவு நிலையில் அளந்து பென்சிலால் கோடு போட்டேன். அந்தக் கோட்டின் கீழ் நின்று அண்ணாந்தபோதுதான், அவன் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பது தெரிந்தது.