முழங்கால் மாற்று ஆய்வுக்குத் தமிழ்க் கேள்வித்தாள் வேண்டும்

வணக்கம். எம்எஸ் ஆர்த்தோ (எலும்பு அறுவை மேற்படிப்பு) படிக்கிறேன், முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஒரு வருடம் ஆனவர்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. நோயாளியே பதில் சொல்லும் முழங்கால் கேள்வித்தாளான ஆக்ஸ்ஃபோர்டு நீ ஸ்கோரில் (Oxford Knee Score) உள்ள 12 கேள்விகளில் (மொத்தம் 48 மதிப்பெண்) காரில் ஏறி இறங்குவது, மண்டியிட்டு எழுவது எல்லாம் இருக்கிறது, ஆனால் தரையில் சம்மணம் போடுவதும் இந்தியன் டாய்லெட்டும் இல்லை, நம் ஊர் அம்மாக்கள் ஓபியில் முதலில் கேட்பதே அதைத்தான். முறையாகச் சரிபார்த்த தமிழ் வடிவம் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் நான் தமிழாக்குவதைச் சரிபார்க்க, அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றித் தர, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் வேண்டும்.

அப்புறம், செயற்கை எலும்பில் பிளேட் போடும் பயிற்சியை ஓசாட்ஸ் (OSATS, அறுவைத் திறனுக்கு மார்க் போடும் முறை) முறையில் மதிப்பிட்டவர்கள் நேரில் பார்த்து மார்க் போட்டீர்களா, வீடியோவிலா? எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் சொன்னால் பெரிய உதவி.