கோஸ்டா ரிக்கா போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரியில் நானும் மனைவியும் பத்து நாள் கோஸ்டா ரிக்கா போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, திட்டம்தான் இழுபறியில் நிற்கிறது.

வரைபடத்தில் சின்ன நாடு. மலைப்பாதைகளில் வண்டி ஊர்ந்துதான் போகும் என்பதால் எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டோம். தலைநகர் சான் ஹோசேக்கு ஒரு நாள்: 1897-இல் திறந்த தேசிய நாடக அரங்கு, பக்கத்திலேயே தங்க அருங்காட்சியகம். அப்புறம் அரேனல் எரிமலை. 2010-க்குப் பிறகு அது அடங்கிக் கிடப்பதால் நெருப்புக் குழம்பெல்லாம் எதிர்பார்க்கவில்லை, வெந்நீர் ஊற்றே போதும்.

குழப்பம் இங்கேதான். மனைவிக்குக் குவெட்சால் பறவையைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு மான்டேவெர்டே மேகக்காடு நல்லதா, சான் ஹெரார்டோ தே தோட்டா நல்லதா? இரண்டாவது ஊரில் காட்டு அவகாடோ மரங்களைத் தேடி அது வரும் என்கிறார்கள். இரவில் குளிர் எவ்வளவு இருக்கும்? ஸ்வெட்டர் போதுமா?

எனக்கு கோர்கொவாடோ காடு. டேபிர் (பன்றி போன்ற உடலும் நீண்ட மூக்கும் கொண்ட விலங்கு), நான்கு வகைக் குரங்குகள் எல்லாம் ஒரே இடத்தில்! உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். காட்டுக்குள் இருக்கும் சிரேனா முகாமில் ஒரு இரவு தங்குவது அவசியமா, காலையில் படகில் போய் மாலையில் திரும்பினால் போதுமா? எத்தனை வாரம் முன்பு பதிவு செய்தீர்கள்?

3,820 மீட்டர் சிரிப்போ சிகரத்தை என் முழங்கால் ஏற்கெனவே நிராகரித்துவிட்டது. அதைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள்!